“டீசண்ட் ஃபேமிலி மட்டும்”: ஒரு வாடகை விளம்பரத்தின் இலக்கணம்

வரும் மாத இறுதியில் நான் குடியிருக்கும் வீட்டைக் காலி செய்கிறேன். செகந்திராபாத்துக்கு வடகிழக்கே சைனிக்புரியில், இரண்டாம் தளத்தில் இருக்கும் வீடு. முன்னாள் படைவீரர்களுக்கென உருவான குடியிருப்பு என்பதைப் பெயரே சொல்லும். அகலமான தெருக்கள், நிழல் தரும் மரங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் நாய்க்குரைப்பைத் தவிர வேறு ஓசை கிடையாது. வீட்டின் பெரிய அறையில் மரத்தளம். இந்நகரில் பெரும்பாலான வாடகை வீடுகளில் விட்ரிஃபைடு டைல்ஸ்தான் பதித்திருப்பார்கள். ஆகவே ‘வுடன் ஃப்ளோரிங்’ என்ற இரண்டு சொற்கள் விளம்பரத்தில் ஏறினால் வாடகையும் கூடவே ஏறும் என்பது வீடு தேடும் எவருக்கும் தெரியும்.

சென்ற வாரம் வீட்டு உரிமையாளர் அழைத்தார். “அம்மா, நீங்கள் மொழி படித்தவர். அடுத்து வருபவர்களுக்காக இணையத்தில் போட ஒரு விளம்பரம் அழகாக எழுதிக் கொடுங்கள்” என்றார். எழுத வேண்டிய விவரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மொத்தம் ஏழு: அமைதியான பகுதி, வுடன் ஃப்ளோரிங், கார் நிறுத்துமிடம், இரண்டு மாத முன்பணம், பியூர் வெஜ், டீசண்ட் ஃபேமிலி மட்டும், நோ பேச்சலர்ஸ்.

முதல் நான்கையும் எழுதி அனுப்பினேன். “மீதி மூன்று எங்கே?” என்று கேட்டார். அவற்றை என்னால் எழுத முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். தொலைபேசியில் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. என் தெலுங்கு அவ்வளவு தூரம் போகாது. கோபத்தோடு வைத்துவிட்டார். என் முன்பணம் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. இருந்தாலும், அன்று சொல்ல முடியாமற்போன விடையை என் மொழியில் முழுமையாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. அதற்கு முன் என் பங்குக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாண்டுகளுக்கு முன் இந்த வீட்டைப் பார்க்க நான் தனியே வரவில்லை. என்னோடு ஆய்வு செய்யும் தோழியும் வந்தாள். இருவரும் வாடகையைப் பகிர்ந்துகொள்வது, பெரிய அறையில் இரண்டு மேசைகளைப் போட்டு எழுதுவது என்று திட்டம். அவள் கர்நூல்காரி. வீட்டில் உருது, வெளியில் தெலுங்கு. உரிமையாளரோடு தொலைபேசியில் பேசி நேரம் குறித்தவள் அவள்தான். என் தெலுங்கு அப்போது காய்கறிக் கடையைத் தாண்டியதில்லை. அவளுடைய ராயலசீமைத் தெலுங்கைக் கேட்ட உரிமையாளர் மகிழ்ந்து, “எந்த ஊர் அம்மா?” என்று விசாரித்து, கர்நூலில் தாம் பணியாற்றிய காலத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்.

நேரில் போனோம். உரிமையாளரின் மனைவி காபி கொடுத்தார். மரத்தளத்தைக் காட்டினார்கள். தண்ணீர் ஊற்றித் துடைக்கக் கூடாது, மேசை நாற்காலிகளின் கால்களுக்கு அடியில் ஃபெல்ட் ஒட்ட வேண்டும் என்றெல்லாம் சொன்னார்கள். தலையாட்டினோம். பிறகு பெயர்களைக் கேட்டார்கள். அவள் தன் பெயரைச் சொன்னாள்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. உரிமையாளர் என் பக்கம் திரும்பி, “மீரேமிட்லு?” என்று கேட்டார்.

எனக்கு அந்தச் சொல் புரியவில்லை. தோழிதான் தாழ்ந்த குரலில், “உன் சாதியைக் கேட்கிறார்” என்றாள். நான் சொன்னேன். இதுதான் என் குற்றம். இதை எந்த விதத்திலும் மென்மைப்படுத்த விரும்பவில்லை. அவர் சற்று யோசித்து, அதற்கு இணையான தெலுங்குச் சாதி ஒன்றைத் தாமே கண்டுபிடித்து, “அப்படியென்றால் நம்மவர்களைப் போலத்தான்” என்று மனைவியிடம் சொன்னார். பத்தாண்டுகளாக மொழிபெயர்ப்பின் சிக்கல்களைப் படிக்கிறேன். அவ்வளவு விரைவான மொழிபெயர்ப்பை நான் கண்டதில்லை.

மறுநாள் காலை எனக்கு மட்டும் அழைப்பு வந்தது. “நீங்கள் வரலாம். உங்களோடு வந்த பெண் வேண்டாம். எங்களுக்கு ஒன்றுமில்லை, அக்கம்பக்கத்தார் பேசுவார்கள்” என்றார். தோழியிடம் சொன்னேன். “நீ எடுத்துக்கொள். ஒருத்திக்காவது எழுத இடம் கிடைக்கட்டும்” என்றாள். நான் எடுத்துக்கொண்டேன். அவள் டோலிச்சௌக்கியில் ஓர் அறையைப் பிடித்தாள். இரண்டு பேருந்து மாறி ஆய்வுக்கூடத்துக்கு வருகிறாள். தெலுங்கு நாட்டில் பிறந்து தெலுங்கில் கனவு காண்பவளுக்குக் கிடைக்காத வீடு, தெலுங்கில் தக்காளி விலை மட்டுமே கேட்கத் தெரிந்த எனக்குக் கிடைத்தது.

இப்போது அந்த மூன்று நிபந்தனைகளையும் எனக்குப் பொருத்திப் பாருங்கள். ‘நோ பேச்சலர்ஸ்’: நான் மணமாகாதவள், தனியாகக் குடியேறினேன். ‘டீசண்ட் ஃபேமிலி’: என் குடும்பத்தில் ஒருவரையும் அவர் இன்றுவரை பார்த்ததில்லை. ‘பியூர் வெஜ்’: உணவைப் பற்றிக் கேட்டபோது, “வீட்டில் சமைப்பதில்லை, வெளியில் சாப்பிடுவேன்” என்றேன். “நாங்களும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்” என்று சிரித்தார். மூன்று நிபந்தனைகளையும் நான் மீறுகிறேன். மூன்றும் எனக்காகத் தளர்ந்தன. தோழியிடம் அவற்றில் ஒன்றைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. என்ன சாப்பிடுவாய் என்று கேட்கவில்லை, எப்போது வீடு திரும்புவாய் என்று கேட்கவில்லை. பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஒரு சொல்லின் பொருளை அதன் அகராதி விளக்கத்தைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய முடியாது, அது எங்கே செயல்படுகிறது, எங்கே செயல்படாமல் நிற்கிறது என்பதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் துறையின் அரிச்சுவடிப் பாடம். அந்தப் பாடத்தின்படி, ‘பியூர் வெஜ்’ என்ற தொடருக்கும் காய்கறிக்கும் தொடர்பே இல்லை. தெலங்கானாவில் சைவ உணவினர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை என்பதை 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுத் திட்ட அடிப்படைக் கணக்கெடுப்பு காட்டியது. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் அந்த விளம்பரம் ஊரில் தொண்ணூற்றெட்டுப் பேரை விலக்கிவிட்டு, எழுதிய உரிமையாளரையும் சேர்த்து விலக்கிவிடும். அப்படி நடப்பதில்லை. யாரை விலக்க வேண்டுமோ அவர்களை மட்டும் விலக்கி, மற்றவர்களுக்குச் சிரித்துக்கொண்டே கதவைத் திறக்கிறது.

நம் இலக்கணிகள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். பவணந்தி முனிவரின் நன்னூல் ‘தகுதி வழக்கு’ என்று மூன்றைச் சொல்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். மங்கலமல்லாததை மங்கலமான சொல்லால் சொல்வது மங்கலம். சுடுகாட்டை நன்காடு என்பதைப்போல. ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் புரியும்படி வேறு சொல்லால் குறிப்பது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதைப்போல. பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பகுதி இது. வாடகை விளம்பரத்தில் மூன்றும் ஒரே வரிசையில் நிற்பதை இந்த வீட்டுக்கு வந்த பிறகே கண்டேன்.

‘பியூர் வெஜ்’ இடக்கரடக்கல். ‘முஸ்லிமுக்கும் தலித்துக்கும் வீடில்லை’ என்று வெளிப்படையாக எழுத இன்னும் பலருக்குக் கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சத்தைக் கறிக்குழம்பின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். ‘டீசண்ட் ஃபேமிலி’ மங்கலம். யாரை வேண்டாம் என்பதைச் சொல்லாமல், வேண்டியவர்களுக்கு ஒரு பாராட்டைச் சூட்டி அழைக்கிறது. அழைக்கப்படாதவர்கள் எல்லோரும் கண்ணியமற்றவர்கள் என்ற பொருள் சொல்லாமலே விளங்குகிறது. உரிமையாளர் வாயிலிருந்து வந்த ‘நம்மவர்கள்’ குழூஉக்குறி. அதன் பொருள் குழுவினருக்குத் தெரியும். குழுவில் இல்லாதவர்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

‘மீரேமிட்லு’ என்ற கேள்வியையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். ‘நீங்கள்’ என்பதற்கு மீரு. ‘என்ன’ என்பதற்கு ஏமிட்டி. அந்த ‘என்ன’ என்பதற்குப் பன்மை விகுதி சேர்த்து ‘ஏமிட்லு’. ‘நீங்கள் என்னக்கள்?’ என்று தமிழாக்கினால் நெருங்கி வரும். தெலுங்கில் மனிதரைப் பற்றிக் கேட்க எவரு என்ற சொல் இருக்கிறது. நமக்கு யார் இருப்பதைப்போல. ஆனாலும் இந்த ஒரு கேள்வியில் ‘எவரு’ வருவதில்லை. தெலுங்கரை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. என் ஊர்ப்பக்கம் “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்பார்கள். அங்கும் ‘யார்’ இல்லை, ‘என்ன’தான். ஒருவர் யார் என்று கேட்டால் அவர் தன்னைப் பற்றிச் சொல்வார்: ஆய்வு மாணவி, கர்நூல்காரி, தேநீர் பிரியை. என்ன என்று கேட்டால் அவற்றுள் எதுவும் விடையாகாது. இரண்டு திராவிட மொழிகளும் இந்த இடத்தில் மட்டும் உயர்திணையைக் கைவிடுவது தற்செயலாக இருக்கலாம். வீட்டு வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்குத் தற்செயலாகத் தோன்றாது.

இது ஒரு தனிப்பட்ட மனிதரின் குணக்கேடு என்று கடந்துபோய்விட முடியாது. சுகதேவ் தோரட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் டெல்லியைச் சுற்றியுள்ள தேசியத் தலைநகர்ப் பகுதியில் வாடகை வீடுகளுக்காக உயர்சாதியினர், தலித்துகள், முஸ்லிம்கள் ஆகிய மூன்று அடையாளங்களில் தொலைபேசியிலும் நேரிலும் விசாரித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2015இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் வந்தன. உயர்சாதிப் பெயருக்கு எளிதாகத் திறந்த கதவுகள் தலித் பெயருக்கு அந்த அளவு திறக்கவில்லை. முஸ்லிம் பெயருக்கு அதனினும் குறைவாகவே திறந்தன. மறுக்காத இடங்களிலும் கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனைகள் முளைத்தன. இதற்கு முன்பே 2006இல், நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு, முஸ்லிம்களுக்குப் பல இடங்களில் வீடு வாங்கவும் வாடகைக்குப் பெறவும் முடியாமற்போவதைத் தன் அறிக்கையில் பதிவு செய்திருந்தது. பிறகு அதே மக்களைப் பார்த்து, “ஏன் இவர்கள் எல்லோரும் ஒரே பகுதியில் கூட்டமாக வாழ்கிறார்கள்?” என்று கேட்பதுதான் நம் நகரங்களின் வழக்கம். என் தோழியை டோலிச்சௌக்கிக்கு அனுப்பியது அவளுடைய சமூகப் பற்று என்று யாராவது சொன்னால், அன்று காலை எனக்கு வந்த அழைப்பை அவர்களுக்கு நான் நினைவூட்டுவேன்.

எங்கள் துறையிலேயே இதற்கு ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. ஜான் பா என்ற கறுப்பின அமெரிக்க மொழியியலாளர் கலிஃபோர்னியாவில் வீடு தேடியபோது, தொலைபேசியில் வரவேற்றவர்கள் நேரில் பார்த்ததும் சாக்குச் சொன்னார்கள். அவர் அதை ஆய்வாக மாற்றினார். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், கறுப்பினத்தார் பேசும் ஆங்கிலம், மெக்சிகோ வழியினர் பேசும் ஆங்கிலம், பொது ஆங்கிலம் ஆகிய மூன்று வழக்குகளில் தாமே மாற்றி மாற்றிப் பேசி வீட்டு உரிமையாளர்களை அழைத்தார். வெள்ளையர் மிகுந்த பகுதிகளில், முதல் இரண்டு வழக்குகளுக்கு வீட்டைப் பார்க்க நேரம் கிடைப்பது வெகுவாகக் குறைந்தது. தாமஸ் பர்னெல், வில்லியம் இட்சார்டி ஆகியோருடன் சேர்ந்து 1999இல் இதை வெளியிட்டார். ‘ஹலோ’ என்ற ஒரு சொல்லைக் கேட்டே பெரும்பாலானோர் பேசுபவரின் வழக்கை அடையாளம் கண்டுவிட்டனர் என்பதும் அந்தக் கட்டுரையில் உண்டு. அங்கே குரல் காட்டிக்கொடுக்கிறது. என் தோழிக்குக் குரல் கைகொடுத்தது, பெயர் காட்டிக்கொடுத்தது. வேறுபாடு அவ்வளவுதான்.

ஆனால் சட்டத்தில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. அமெரிக்காவில் 1968 முதல் நியாயமான குடியிருப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. இனம், மதம், நிறம், பிறந்த நாடு ஆகியவற்றைக் காட்டி வாடகைக்கு மறுப்பதை அது தடை செய்கிறது. உரிமையாளர் தாமும் குடியிருக்கும் சிறு கட்டடங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. அந்த விலக்குப் பெற்றவர்கள்கூட ‘இன்னாருக்கு மட்டும்’ என்று விளம்பரம் செய்ய முடியாது. அங்கே பாகுபாடு ஒழிந்துவிட்டதா? இல்லை. ஒழிந்திருந்தால் பாவின் ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது. ஆயினும் வாசலில் பலகை மாட்ட முடியாது என்பதும், மறுக்கப்பட்டவருக்குப் போக ஒரு நீதிமன்றம் உண்டு என்பதும் சிறிய விஷயங்கள் அல்ல.

இந்தியாவில் நிலைமை என்ன? அரசமைப்பின் 15ஆம் கூற்று மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாகக் கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள் முதலியவற்றில் எவருக்கும் நுழைவு மறுக்கப்படக் கூடாது என்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. 2005இல் ஒரு பார்சி கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் வழக்கில், தன் உறுப்பினர்களை ஒரே சமூகத்தாராக வரையறுத்துக்கொள்ளச் சங்கத்துக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்று எண்ணிச் சொல்கிறது. முன்பணம் கொண்டுவந்தவரைப் பெயருக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று சொல்லவில்லை.

‘கடை’ என்ற சொல்லைப் பற்றி ஒரு செய்தி. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்தக் கூற்றின் மீது விவாதம் நடந்தபோது, அதில் வரும் கடை என்ற சொல்லின் எல்லை என்ன என்ற கேள்வி எழுந்தது. பொருள் விற்கும் இடத்தை மட்டும் அது குறிக்கவில்லை, உரிய விலைக்குத் தம் சேவையைத் தர முன்வரும் எவரையும் தழுவும் விரிந்த பொருளில் ஆளப்பட்டுள்ளது என்ற கருத்தில் அம்பேத்கர் விளக்கமளித்தார். 2011இல் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டது. ஒரு சொல்லுக்கு அதை ஆக்கியவரே உரை எழுதியிருக்கிறார். இணையத்தில் விலை குறித்து, படம் போட்டு, ஊரையே அழைத்துவிட்டு, வந்து நின்றவரிடம் ‘இது என் சொந்த வீடு’ என்று சொல்பவர், கடையைத் திறந்துவைத்துக்கொண்டு கடை இல்லை என்று சாதிக்கிறார்.

தனிமனிதர் வீட்டுக்குள் சட்டம் நுழைய முடியாது என்பது அடுத்த வாதம். நுழைந்திருக்கிறது. 2017இன் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டமும், 2019இன் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும், குடியிருக்கவோ வாங்கவோ வாடகைக்குப் பெறவோ ஒருவருக்கு உள்ள உரிமையை மறுப்பதைப் பாகுபாடு என்று குறிப்பிட்டே தடை செய்கின்றன. நடைமுறையில் எவ்வளவு பயன் விளைந்தது என்பது வேறு கேள்வி. அந்த வாக்கியத்தை எழுத நம் நாடாளுமன்றத்துக்குத் தெரியும் என்பது உறுதி. சாதிக்கும் மதத்துக்கும் அதே வாக்கியத்தை எழுதவில்லை.

“என் வீடு, என் உரிமை, யாரை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க எனக்கு அதிகாரம் இல்லையா?” என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நிபந்தனை போடுவதை நான் எதிர்க்கவில்லை. இந்த வீட்டின் மரத்தளத்தையே எடுத்துக்கொள்வோம். அது உண்மையில் மரம் அல்ல. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. மேலே மரத்தின் நிழற்படம் அச்சிட்ட தாள். அதற்கு மேல் ஒளிபுகும் காப்புப் படலம். விளிம்பு வழியே ஈரம் புகுந்தால் உப்பிவிடும். பிறகு பலகையை மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஆகவே தண்ணீர் ஊற்றாதே, நன்கு பிழிந்த துணியால் துடை, நாற்காலியை இழுக்காதே என்று உரிமையாளர் சொன்னது முழுக்க நியாயம். இரண்டாண்டுகளாக அவற்றைக் கடைப்பிடித்திருக்கிறேன். இரவில் சத்தம் கூடாது, வாடகை ஐந்தாம் தேதிக்குள் வர வேண்டும், காவல் நிலையப் படிவத்தை நிரப்ப வேண்டும்: எல்லாம் நியாயம். இவை நான் என்ன செய்வேன் என்பதைப் பற்றியவை. மீறினால் என்னை வெளியேற்றலாம். விலக்கப்பட்ட மூன்று வரிகளும் நான் யாருக்குப் பிறந்தேன் என்பதைப் பற்றியவை. அதை எந்தத் துணியாலும் துடைக்க முடியாது, எந்தத் தேதிக்குள்ளும் செலுத்த முடியாது. ஒரு நிபந்தனை நியாயமானதா என்று பார்க்க இந்த ஒரு சோதனை போதும்: நல்லெண்ணத்தோடு வரும் ஒருவர் முயன்றால் அதை நிறைவேற்ற முடியுமா?

சமையல் நெடி பிடிக்காது என்பவர்களிடமும் இதே சோதனையை வைக்கிறேன். கீழ்வீட்டுக்கு நெடி வருகிறது என்றால் புகைபோக்கி விசிறி வைக்கச் சொல்லுங்கள். அதையும் மீறி, உங்கள் சமையலறையில் இறைச்சி ஏறக் கூடாது என்பது உண்மையான நம்பிக்கை என்றால், அதை எல்லோரிடமும் ஒரே விதமாகக் கேளுங்கள். ‘சரி’ என்று சொல்லும் முஸ்லிமுக்கும் தலித்துக்கும் சாவியைக் கொடுங்கள். கொடுக்கும் உரிமையாளர் இருந்தால் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. நான் இதுவரை சந்திக்கவில்லை.

“அக்கம்பக்கத்தார் பேசுவார்கள்” என்பதற்கு என்ன சொல்வது? இந்த இரண்டாண்டுகளில் அக்கம்பக்கத்தார் ஒருவரும் என்னிடம் எதுவும் பேசியதில்லை. அமைதியான பகுதி என்பதன் பொருள் எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. எங்கள் தெருவில் சண்டை இல்லை, ஏனென்றால் சண்டை வரக்கூடிய கேள்விகளெல்லாம் வாடகைப் பேச்சின்போதே வாசலில் தீர்க்கப்பட்டுவிடுகின்றன. மாலையில் நடந்துபோனால் மதில்களுக்கு மேல் செம்பருத்தி எட்டிப் பார்க்கும். எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே குடும்பப் பெயர்கள். அந்த அமைதியை இரண்டாண்டுகள் நானும் அனுபவித்திருக்கிறேன். என் ஆய்வேட்டின் மூன்று இயல்கள் அதில் எழுதப்பட்டவை. அவள் அதே காலத்தில் பேருந்தில் நின்றுகொண்டு கட்டுரைகளைத் திருத்தினாள்.

இதைப் படிக்கும் தமிழ் நண்பர்கள், “ஐதராபாத் அப்படித்தான்” என்று நிம்மதி அடைய வேண்டாம். சென்னையில் ‘சைவம் மட்டும்’ பலகையைப் பார்க்க நீங்கள் தொலைவு போக வேண்டியதில்லை. பலகை இல்லாத ஊர்களில் வாய் இருக்கிறது. கரூரில் எங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விடும்போது என் தந்தை ஒருபோதும் சாதியைக் கேட்டதில்லை என்று நெடுங்காலம் பெருமையாக நினைத்திருந்தேன். பிறகுதான் அவர் கேட்கும் கேள்வியைக் கவனித்தேன்: “தம்பிக்கு எந்த ஊரு?” ஊரைச் சொன்னதும், “அங்க எந்தத் தெரு?” நம் ஊர்களில் தெருவின் பெயர் தெரிந்தால் எல்லாம் தெரிந்தாயிற்று. இடப்பெயர் ஆய்வு என்று எங்கள் துறையில் ஒரு பிரிவு இருக்கிறது. என் தந்தை அதில் எங்களுக்கெல்லாம் ஆசிரியராகலாம்.

சென்ற வாரம் உரிமையாளரோடு சண்டை போட்ட அன்றிரவு அப்பாவை அழைத்தேன். மாடி இப்போது காலியாக இருக்கிறது. “அப்பா, அடுத்து வர்றவங்ககிட்டத் தெருவைக் கேட்காதீங்க” என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. “அப்ப எதைக் கேட்கறது?” என்றார். “என்ன வேலை, எத்தனை பேர், எப்ப வாடகை தருவீங்கன்னு கேளுங்க.” “அது சரி, பாக்கலாம்” என்று வைத்துவிட்டார். அந்தப் ‘பாக்கலாம்’ எப்படிப்பட்டது என்று தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும், ஊருக்கு எழுதும் முன் வீட்டில் சொல்லியாயிற்று.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் நான்கில் ஒரு குடும்பத்துக்கும் மேல் வாடகை வீட்டில் வாழ்கிறது. அதே கணக்கெடுப்பில் நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஒரு கோடிக்கும் மேல். வீடு பற்றாமல் யாரும் திருப்பி அனுப்பப்படவில்லை. ஆகவே கோரிக்கை சட்டமியற்றுவோரிடம் முதலில்: திருநருக்கும் எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்கும் எழுதிய அந்த ஒரு வாக்கியத்தைச் சாதிக்கும் மதத்துக்கும் எழுதுங்கள். மாநிலங்களின் வாடகைச் சட்டங்களில் சேர்த்தாலே போதும். அடுத்து, வாடகை இணையதளங்களிடம்: ‘வெஜ் மட்டும்’, ‘இன்னாருக்கு மட்டும்’ என்ற தெரிவுகளை நீக்குங்கள், படுக்கையறை எத்தனை என்பதற்குப் பக்கத்தில் அவை இருக்கத் தகுந்தவை அல்ல. கடைசியாக, வாடகைக்கு வீடு கிடைத்துவிடும் என்னைப் போன்றவர்களிடம்: அந்தக் கேள்வி வரும்போது விடை சொல்லாதீர்கள். நான் சொன்னேன், வீடு கிடைத்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் விடை சொல்வதால்தான் அந்தக் கேள்வி இன்னும் கேட்கப்படுகிறது. விடை சொல்லாவிட்டால் வீடு கிடைக்காமற்போகலாம். என் தோழிக்கு அது பழக்கம். நமக்கும் சிலமுறை நேரட்டும்.

இதைப் பதிவிடும் முன் அவளுக்குத் தெலுங்கில் வாசித்துக் காட்டினேன். எழுதலாம் என்றாள். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். அன்று காபி வந்தது பெயரைக் கேட்பதற்கு முன்பு அல்லவாம், பின்பு. பெயர் தெரிந்த பிறகும் அந்த அம்மா அவளுக்கும் காபி கொடுத்தார், சர்க்கரை போதுமா என்றும் கேட்டார் என்றாள். எனக்கு அப்படி நினைவில்லை. அவள் நினைவே சரியாக இருக்கும். மறந்துவிடும் வசதி எனக்குத்தான் இருந்தது. ஆகவே மேலே நான் எழுதியதை மாற்றாமல், அவள் திருத்தத்தை இங்கே சேர்க்கிறேன்.

உரிமையாளர் தம் ஏழு வரிகளோடு விளம்பரத்தைத் தாமே போட்டுவிட்டார். நான் எழுதிக் கொடுத்தது பயன்படவில்லை. அதனால் இங்கே தமிழில் போடுகிறேன்:

சைனிக்புரியில் அமைதியான தெருவில் இரண்டு படுக்கையறை வீடு வாடகைக்கு. பெரிய அறையில் மரத்தோற்றத் தளம், ஈரம் ஆகாது. கார் நிறுத்த இடம் உண்டு. முன்பணம் இரண்டு மாதம். வாடகையை மாதம் ஐந்தாம் தேதிக்குள் தரக்கூடிய எவரும் வந்து பார்க்கலாம்.